செத்த மீனுக்குச் சாட்சி

வலை கனத்தது, துடிப்பில்லை. பரிசலின் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து ஐயாசாமி இன்னும் இரண்டு முழம் இழுத்தான். உள்ளங்கை அகல ஜிலேபி மீன்களும் ஒரு கட்லாக் கெண்டையும் செவுள் விரிந்து, வாய் பிளந்து வந்தன.

"ஏனுங்க, ஒண்ணுகூடத் துள்ளலீங்களே," என்றாள் துடுப்பைப் பிடித்திருந்த அவன் மனைவி சென்னியம்மாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாய்க்கால் குளத்தில் வந்து சேரும் இடத்திலிருந்து கரை வரைக்கும் வெள்ளை வயிறுகள் மிதந்தன. எட்டு மாதத்துக்கு முன் அவர்கள் விட்ட குஞ்சுகள். சின்னக் கண்ணி வலையை அவன் தொட்டதில்லை. அரைக் கிலோ தேறாத கட்லாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். சட்டம் அப்படி.

"மீன்வளத்துறை ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டு வாரேன்."

"நாமளாப் போய்ச் சொல்றது நல்லதுங்களா?"

"மறைச்சாத்தான் தப்பு."

போத்தனூர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையிலேயே நின்றார்.

"என்ன மருந்து கலந்தே?"

ஐயாசாமிக்கு முதலில் புரியவில்லை. "நானுங்களா? போன் போட்டதே நான்தானுங்க சார். வாய்க்காலை வந்து பாருங்க. மழை பேஞ்சாப் போதும், மேக்க இருக்கற சாயப்பட்டறையில கழிவுத் தொட்டியத் தொறந்து உட்டுப்போடறாங்க."

"தொறந்ததைப் பாத்தியா?"

"பாக்கலீங்க. தண்ணியப் பாத்தாத் தெரியுமுங்களே."

"இந்தக் குளத்துல மீன் புடிக்க உரிமம் யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"அப்ப யாரைக் கேக்கறது?"

சென்னியம்மாள் ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டு வந்து நீட்டினாள். "இதைக் கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாருங்க சார்."

அவர் வாங்கவில்லை. ஜீப்பின் முகப்பில் வைத்து எழுதிய தாளை ஐயாசாமியிடம் கொடுத்தார். ஐந்தாவது வரை படித்திருந்த சென்னியம்மாள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். விஷம் கலந்து மீன் பிடித்ததை ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள்.

"போட்டா மூணு வருசம் உரிமம் இல்ல, அதோட முடிஞ்சுரும். போடலீன்னா போலீசு கேசு. யோசிச்சுக்க," என்றார் ஆபீசர்.

ஐயாசாமி மேற்கே பார்த்தான். பட்டறைச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். ஆபீசரோடு வந்தவர்கள் வலையைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் பொதைச்சுப்போடு. நாறுச்சுன்னா அதுக்கும் நீதான் பொறுப்பு."

ஜீப் போனதும் அவன் கரைக்குக் கீழே குழி வெட்டினான். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கத்தரிப்பூ நிறத்தில் அவன் கணுக்காலை மூடியது. ஏறி மேலே வந்தான். சென்னியம்மாள் முதல் கூடை மீனைக் குழியில் கவிழ்த்தாள். அவன் மண்வெட்டியால் மண்ணை இழுத்துத் தள்ளினான். தள்ளத் தள்ள மண் உள்ளே போனது. மீன்கள் மேலே வந்தன.