அடிக்காத போன்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கனகேஸ்வரி அலறியடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுப்பாள். காரணம் அவளுடைய தம்பி ரஞ்சன். வாலிப வயதிலேயே மனம் கலங்கிப்போனவன். மாத்திரையை ஒழுங்காகப் போடும்வரை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அக்காவோடு அமைதியாக இருப்பான். திடீரென்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவான். போன் வைத்துக்கொள்ள மாட்டான். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பயம். ஆனால் அக்காவின் எண் மட்டும் அவனுக்கு மனப்பாடம். எந்த ஊரில் இருந்தாலும் யாரிடமாவது போனைக் கேட்டு வாங்கி, "அக்கா, நான்தான். வந்து கூட்டிட்டுப் போ" என்பான். அவளும் போய் அழைத்து வருவாள்.

அந்தக் குரல் வந்ததெல்லாம் அவளுடைய பழைய பொத்தான் போனில்தான். எண்கள் தேய்ந்து மழுங்கிய போன். குளியலறைக்குள் இருந்தாலும் அது அடித்தால் கேட்கும். பெட்டரி உப்பி மூடி பிளந்துகொண்டபோது ரப்பர் வளையம் மாட்டி வைத்துக்கொண்டாளே தவிர மாற்றவில்லை.

மகள் நிலானிதான் பொறுக்க முடியாமல் கடைக்கு இழுத்துப் போனாள். அதற்கு முந்தின வாரம் நீதிமன்றத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு மோசடிக்காரன் கனகேஸ்வரியை பேங்க் வாசல்வரை நடக்க வைத்திருந்தான். புதுப் போனில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்த கடைக்காரர், "ஆன்டிக்கு ஸ்கேம் கால் வராம இத ஆன் பண்ணிடவா சிஸ்? தெரியாத நம்பர்னா சத்தமே வராது" என்றார். நிலானி தலையசைத்தாள். ரஞ்சன் மாமா ஒழுங்காக வீட்டில் இருந்த காலம் அது. அவன் கூப்பிடுவதே தெரியாத எண்களிலிருந்துதான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பழைய போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்த கனகேஸ்வரியின் காதில் கடைக்காரர் கேட்டது விழவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ரஞ்சன் கிளம்பிவிட்டான். காலையில் பார்த்தால் படுக்கை காலி.

நிலானி வந்து போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு தான் தங்கி வேலை செய்யும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் திரும்பினாள். கனகேஸ்வரி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சமைக்கும்போது அடுப்பங்கரை ஜன்னலில் வைத்தாள். கண்ணாடிப் பலகை போலக் கிடந்தது அது. எப்போதாவது அடித்தாலும் நிலானிதான். திரையில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. தொட்டுப் பார்க்கலாமா என்று விரலைக் கொண்டுபோவாள். "கண்டதையும் அமுக்காதீங்கம்மா, காசு போயிடும்" என்று மகள் சொல்லியிருந்தது நினைவுக்கு வர, கையை எடுத்துக்கொள்வாள்.

"இந்தத் தடவ ஏன் இன்னும் கூப்பிடல?" என்று சாமி படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிலானி வந்தாள். போனை வாங்கியவள், எடுக்காத அழைப்புகளின் வரிசையைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தாள். யாரோ ஒரு பெண் அனுப்பியிருந்த குரல் பதிவு ஓடியது.

"அக்கா, நான் போர்ட் கிள்ளான்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கிற நல்லம்மாள் பேசறேன். உங்க தம்பி ரஞ்சன் இங்கதான் இருக்காரு. எத்தன தடவ அடிக்கிறது, ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க? கொஞ்சம் எடுங்க லா!"

பின்னால் ரஞ்சனின் குரல் மெல்லக் கேட்டது: "விடுங்க. அக்காவுக்கு என்மேல கோவம் போல."

கனகேஸ்வரி போனைப் பறித்து, "இல்லடா, கோவம் இல்லடா!" என்று அதனிடம் சொன்னாள். பதிவு முடிந்து போயிருந்தது.

நிலானி அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. அப்போதே ரயில் ஏறினார்கள். விசாரித்ததில் நல்லம்மாளின் கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"நல்ல மனுஷன்," என்றாள் நல்லம்மாள். "சும்மா சாப்பிட மாட்டேன்னு மங்கு, தட்டு எல்லாம் கழுவிக் குடுத்தாரு. நேத்து மறுபடியும் போனக் கேட்டாரு. அடிச்சுப் பாத்துட்டு எதுவும் பேசல. நான் கல்லாவுல இருந்தேன், திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம். நீங்க கொஞ்சம் முன்னால வந்திருந்தா..."

படகுத்துறை, லோரி நிற்கும் இடம், கோயில் வாசல் எல்லாம் தேடினார்கள். போனிலிருந்த படத்தைக் காட்டினால் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள், சிலர் நிற்காமலே போனார்கள்.

மாலையில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும் நிலானி உடைந்துபோனாள். "தெரியாத நம்பர்னா சத்தம் வராம நான்தாம்மா ஆன் பண்ணச் சொன்னேன். உங்களுக்காகத்தாம்மா செஞ்சேன்."

உன் தப்பு இல்லை பிள்ளை என்று சொல்லத்தான் வேண்டும். கனகேஸ்வரி மகளின் முதுகில் கையை மட்டும் வைத்தாள்.

கே.எல். போகும் ரயில் வந்து கதவு திறந்தது. நிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வரல," என்றாள் கனகேஸ்வரி. "இங்க எங்கயாவதுதான் இருப்பான்."

கதவு மூடிக்கொண்டது. ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலானி, திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.