விற்ற எருமை வேப்பந்தட்டையில் நிற்கிறது

ராசாங்கம் ஐம்பது வயதுக்கு மேல் ஓர் எருமையை விற்றார். அவருடைய அப்பனுக்கும் எருமை கிடையாது, பாட்டனுக்கும் கிடையாது. சந்தையில் ஒருத்தன் விற்று இன்னொருத்தன் வாங்கிய மாட்டை, வாங்கினவன் வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருவதுதான் அந்தக் குடும்பத்துக்கு மாட்டோடு இருந்த உறவு. அப்பேர்ப்பட்ட வம்சத்தில் முதன்முதலாக மாடு விற்றவர் என்று பேர் எடுத்தார் ராசாங்கம். அந்த எருமையோ பால் கறக்காது, சாணி போடாது. போனில் விரலால் வரைந்த எருமை.

அரியலூரில் ஒரு குடோனில் சிமெண்டு மூட்டை தூக்குகிற வேலை அவருக்கு. ஒருநாள் லாரியிலிருந்து மூட்டையை வாங்கும்போது இடுப்பில் ஏதோ சடக்கென்றது. அதோடு சரி. வைத்தியர் தரையில் பாய் போட்டு மல்லாக்கப் படுக்கச் சொல்லிவிட்டார். மல்லாக்கப் படுத்தவனுக்கு என்ன தெரியும்? கூரை தெரியும், ஜன்னல் வழியாகச் சிமெண்டு ஆலையின் புகைபோக்கி தெரியும், கையைத் தூக்கினால் போன் தெரியும். மனைவி வெற்றிச்செல்வி போனில் படம் வரைகிற ஒன்று கிடந்தது. அதில் விரலை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மாசத்தில் ஓர் எருமை வந்தது. புகைபோக்கியின் உச்சியில் படுத்துக்கொண்டு அசைபோடுகிற எருமை. வாலைக் கீழே தொங்கவிட்டிருந்தது. புகை அதன் மூக்கிலிருந்து வந்தது. வானத்துக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார். கறுப்பு மட்டும் தீர்ந்துபோகாமல் வந்துகொண்டே இருந்தது அவருக்கு ஆச்சரியம். மூட்டை தூக்குகிற இடத்தில் எதுவும் அப்படித் தீராமல் வந்ததில்லை, மூட்டையைத் தவிர.

வெற்றிச்செல்வியின் தம்பி தமிழழகன் பெரம்பலூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருப்பவன். அக்கா வீட்டுக்கு வந்தவன் படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தான். பிறகு, இதையெல்லாம் வெளிநாட்டில் வாங்குகிறார்கள் என்றான். என்.எஃப்.டி. என்று பேர். அதென்ன என்று கேட்டதற்கு, படத்துக்குப் பட்டா போடுகிற மாதிரி என்று விளக்கினான்.

“நெலத்த யாரு வேணா பாக்கலாம் மாமா. போட்டோ புடிச்சிக்கலாம். ஆனா பட்டா ஒருத்தன் பேர்லதான் இருக்கும். அந்தப் பட்டாவத்தான் நாம விக்கப் போறோம்.”

ராசாங்கத்துக்குப் பாதி புரிந்தது. பட்டா என்கிற சொல் நன்றாகப் புரிந்தது, தன்னிடம் இல்லாத பொருள் என்பதால்.

தமிழழகன் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குத் திறந்து எருமையை ஏற்றினான். எத்தனை பிரதி என்று கேட்ட இடத்தில் ஒன்று என்று போட்டான். ஏற்றினால் மட்டும் போதாது, நாலு பேர் பார்க்கிற மாதிரி காட்சிக்கு வைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தான். காட்சிக்கு வைப்பது என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஏழெட்டு ஃப்ளெக்ஸ் அடித்து, பெரம்பலூர் நாலு ரோட்டில் ஒன்று, சிறுவாச்சூர் கோயில் போகிற வழியில் ஒன்று, வேப்பந்தட்டையில் ஒன்று, அரியலூர் ஸ்டேஷன் பக்கம் ஒன்று என்று இரண்டு மாவட்டத்திலும் கட்டிவிட்டான். ‘மண்ணின் மைந்தர், டிஜிட்டல் ஓவியர் ராசாங்கம் அவர்களின் எருமை’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே கூலிங்கிளாஸ் போட்ட மச்சினர்களின் வரிசை.

ஜனங்கள் அதைக் கண்ணீர் அஞ்சலி என்று எடுத்துக்கொண்டார்கள். சிறுவாச்சூரில் சாமி கும்பிட வந்த யாரோ எருமைக்கு ஒரு மாலை போட்டுவிட்டுப் போனார்கள். அரியலூரில் கூட வேலை பார்த்த பெரியசாமி வீடு தேடி வந்து, எப்படி இருந்த மாடு, காரியம் என்றைக்கு என்று விசாரித்தார். ராசாங்கம் மல்லாக்கப் படுத்தபடியே, மாடு நல்லா இருக்குதுங்க என்றார்.

எருமை போன் போனாகப் பரவியது. காலை வணக்கம் எழுதி எருமையை அனுப்பினார்கள். ராசாங்கத்துக்கு இடுப்பு கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்த வாரம், எருமை விற்றுப்போனது.

வாங்கினவர் பனி பெய்கிற ஏதோ தேசம். நிஜப் பேர் தெரியாது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தூங்கும் கரண்டி’ என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீசில் போட்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரண்டிதான் இருந்தது. பணம் தமிழழகனின் பேங்க் கணக்கில் ஏறியதும் கரண்டியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. உலகத்தில் இது ஒன்றுதானே? ஆமாம், சத்தியமாக ஒன்றுதான் என்று தமிழழகன் பதில் போட்டுவிட்டு, சந்தோஷமாக மாமனுக்குப் படித்துக் காட்டினான்.

ராசாங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

“சத்தியம் பண்ணிட்டியா?”

“சும்மா ஒரு பேச்சுக்கு மாமா.”

“யாரு பேர்ல பண்ணுன?”

“எருமைய ஏத்துன கணக்கு ஒங்க பேர்ல இருக்கு.”

விற்ற மாடு விற்றவன் கட்டுத்தறியில் நிற்கக் கூடாது. ராசாங்கத்தின் அப்பன், மாடு ஓட்டின காலத்தில், வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கே ஓடிவந்த மாட்டைப் பின்னாலேயே ஓடிப் பிடித்து, விடிவதற்குள் வாங்கினவன் வாசலில் கட்டிய ஆள். இங்கே விற்ற எருமை நாலு ரோட்டில் நிற்கிறது, கோயிலில் நிற்கிறது, பெரியசாமி போனில்கூட நிற்கிறது. தமிழழகன் பட்டா விளக்கத்தைத் திரும்பவும் எடுத்தான். ராசாங்கம் கேட்டுவிட்டு, “பட்டா அந்த மனுசன் பேர்ல இருக்கு. ஊரே எறங்கி உழுதுக்கிட்டு இருந்தா அவருக்கு என்ன மரியாத?” என்றார். எருமை மொத்தமும் ஒரு கைக்குப் போய்ச் சேருகிற வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். தமிழழகன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

முதலில், வரைந்த போனில் அழித்தார். பிறகு தெருத் தெருவாகப் போய், விற்றுவிட்டேன், தயவுசெய்து அழியுங்கள் என்று கேட்டார். பெரியசாமி தலைமாட்டில் நின்று துக்கம் விசாரிக்கிற குரலில், இதுக்குத்தான் காரியம் என்னைக்குன்னு அன்னைக்கே கேட்டேன் என்று சொல்லி அழித்துக் கொடுத்தார். வெற்றிச்செல்வி மட்டும் தன் வாட்ஸப் முகப்பிலிருந்த எருமையை எடுக்க இரண்டு நாள் முரண்டு பிடித்தாள். கடைசியில் எருமையை எடுத்துவிட்டுத் தன் கல்யாணப் படத்தைப் போட்டாள். “இதையும் எவனாச்சும் வாங்குனா, என்னையும் அழிச்சிடுவீங்களா?” என்று கேட்டாள். ராசாங்கம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஃப்ளெக்ஸ் பாக்கி இருந்தது.

ஃப்ளெக்ஸைப் பற்றி அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கட்டினவன் கட்டுகிற வரைக்கும்தான் சொந்தக்காரன். விசேஷம் முடிந்தால், முதலில் கயிற்றை அவிழ்க்கிறவனுக்கு அது. ஒரு ஊரில் காதுகுத்து முடிந்தால் அடுத்த ஊரில் ஓர் ஆட்டுக்கொட்டகை ஒழுகாது. ராசாங்கத்தின் எருமையும் அப்படித்தான் சிதறிப் போயிருந்தது. சிறுவாச்சூரில் இளநீர்க் கடைக்கு நிழலாகியிருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன், ஒரு பழைய சாக்குப் படுதாவை மாற்றிக் கட்டிக்கொண்டு கொடுத்துவிட்டார். பெரம்பலூரில் ஒரு லோடு ஆட்டோவின் இருக்கையில் எருமை தைக்கப்பட்டிருந்தது. தையலைப் பிரித்து வாங்குவதற்குள் மூன்று டீ ஆகிவிட்டது. இன்னொரு ஊரில் குளிக்கிற மறைப்பாக நின்றது. உள்ளே ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்ததால், ராசாங்கம் எதிர்த் திசையைப் பார்த்தபடி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். அந்தம்மாள் வெளியே வந்து, எங்கூட்டு மறைப்ப ஏன்யா கேக்குற என்று சத்தம் போட்டாள். இது அமெரிக்காவோ ரஷ்யாவோ, அங்கே ஒருத்தருக்குச் சொந்தம் என்று ராசாங்கம் சொன்னதும் அவள் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவசர அவசரமாகத் தென்னங்கீற்றை எடுத்துச் சாத்திவிட்டு எருமையைச் சுருட்டித் தந்தாள்.

கடைசியாக மிச்சம் இருந்தது வேப்பந்தட்டை எருமை. தமிழழகனும் வண்டியில் வந்து சேர்ந்துகொண்டான், இந்தக் கூத்து எப்படியாவது இன்றோடு முடியட்டும் என்று.

மக்காச்சோளம் ஒடித்து அடித்த காலம். ஊருக்கு வெளியே தார் ரோட்டில் பாதியை மறித்து, மஞ்சளாகச் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. தை மாசத்தில் பெய்யவே பெய்யாத மழை, மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ரத்தினம்மாள் என்கிற அறுபது வயசுக்காரி ஒற்றை ஆளாகச் சோளத்தைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். குவித்து முடித்த ஒரு குவியல் மேல் எருமை விரித்திருந்தது. நாலு மூலையிலும் கல்.

ராசாங்கம் தோளில் இருந்த ஃப்ளெக்ஸ் சுருட்டுகளோடு போய் நின்று விஷயத்தைச் சொன்னார். விற்றது, சத்தியம், எல்லாம். ரத்தினம்மாள் வாருகோலை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

“வித்துட்ட. சரி. வாங்குனவன் ஏன் வந்து ஓட்டிக்கிட்டுப் போவல?”

“ரொம்ப தூரங்க அக்கா.”

“நான் இதத் தூக்கிக் குடுத்தா இந்தச் சோளம் என்ன ஆவும்?”

ராசாங்கம் வானத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு அவர் மூக்கிலேயே விழுந்தது. ஒரு பக்கம் சத்தியம், ஒரு பக்கம் ஒரு பொம்பளையின் வெள்ளாமை. எருமையின் ஒரு மூலைக் கல்லைக் காலால் தொட்டார், எடுக்கவில்லை. இடுப்பு வலித்தது. இத்தனை வருஷம் மழைக்கு முன்னால் மூட்டையை உள்ளே தள்ளின உடம்பு, அது பாட்டுக்குக் குனிந்து சோளத்தை வாரிக் குவிக்க ஆரம்பித்துவிட்டது. தமிழழகனும் முறைத்துக்கொண்டே குனிந்தான்.

குவித்ததை மூட அந்தம்மாளிடம் வேறு எதுவும் இல்லை. ரத்தினம்மாளின் கண் ராசாங்கத்தின் தோளில் இருந்த சுருட்டுகள் மேல் போய் நின்றது. ராசாங்கம் சுருட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான் வாக்குக் குடுத்துட்டேங்க அக்கா. எருமை அவருது.”

“அவன்துன்னே இருக்கட்டும் தம்பி. நானா சொந்தம் கேட்டேன்? வாரத்துக்கு விட்டுட்டுப் போயேன்.”

ராசாங்கம் அப்படியே நின்றார். மாட்டை வைத்துப் பார்க்க முடியாதவன் இன்னொருத்தரிடம் வாரத்துக்கு விடுவது ஊருலகத்தில் நடக்கிறதுதான். மாடு சொந்தக்காரன் மாடுதான். வளர்க்கிறவர் வைத்து வேலை வாங்கிக்கொள்ளலாம், போடுகிற கன்றில் பங்கு. ஒரே ஆளுடைய மாடு எத்தனை கொட்டகையில் நின்றாலும் அவன் மாடு இல்லை என்று ஆகிவிடுமா? யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது.

“சொந்தக்காரரக் கேக்கணும்” என்றார்.

“கேளு. அதுக்குள்ள விரி.”

விரித்தார்கள். இளநீர்க் கடை எருமை, ஆட்டோ எருமை, குளியல் எருமை, எல்லாம் வரிசையாகச் சோளத்தின் மேல் படுத்தன. மழை கொட்டியது. எருமை மேல் மழை பெய்தால் எருமைக்கு என்ன, சோளம் நனையவில்லை. மூன்று பேரும் பக்கத்தில் இருந்த பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராசாங்கம் சொல்லச் சொல்லத் தமிழழகன் இங்கிலீசில் அடித்தான். உங்கள் எருமை சுகம். தற்சமயம் வேப்பந்தட்டையில் ரத்தினம்மாள் என்பவரிடம் வாரத்துக்கு நிற்கிறது, உங்கள் சம்மதம் இல்லாமல் விட்டது தப்பு, மழை வந்துவிட்டது. மழையில் படுத்திருக்கும் எருமைகளைப் படம் எடுத்து அதோடு வைத்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று முனகினான். திருப்பிக் கொடுப்போம் என்றார் ராசாங்கம். விற்றவன் என்கிற பேரும் அதோடு போய்விடும்.

மழை விடுவதற்குள் பதில் வந்தது. கரண்டி தூங்கவில்லை போலிருக்கிறது. தமிழழகன் இரண்டு தடவை தனக்குள் படித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான். சம்மதமாம். தன் எருமை வேலைக்குப் போகிறது என்று இதுவரை யாரும் தனக்குச் சொன்னதில்லையாம். கன்று போட்டால் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறாராம்.

ராசாங்கம் பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இடுப்பை மறந்திருந்தார். தமிழழகனுக்குத்தான் கண் பளபளத்தது. கன்றை வரைந்தால் அதையும் ஏற்றலாம், இதே ஆள் வாங்குவார், அப்படியே மந்தையாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

ரத்தினம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே குறுக்கிட்டார்.

“எங்க ஊரு வாரத்துல தலையீத்து வளக்குறவளுக்கு. அடுத்த ஈத்துதான் அந்தாளுக்கு. கரண்டிகிட்ட அதையும் சொல்லிடு.”

“அம்மா, அது படம்மா” என்றான் தமிழழகன்.

“எருமை மட்டும் என்னவாம்?”

தமிழழகன் மாமனைப் பார்த்தான். ராசாங்கம் ரத்தினம்மாளுக்குத் தலையாட்டிவிட்டார். வாரம் என்று ஒப்புக்கொண்டபின் அதன் முறையை மீற முடியாது. முதல் கன்று விற்பனைக்கு இல்லை. போனை வாங்கி, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விரலால் தேய்க்க ஆரம்பித்தார். நாலு கால் வந்தது, காது வந்தது, தாய் மாதிரியே தொங்குகிற வால் வந்தது. ரத்தினம்மாள் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன தம்பி இது, கடாக்கன்னா?”

ராசாங்கம் அதை யோசித்திருக்கவில்லை.

“கிடேரியாப் போடு. கடாவ வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?”

ராசாங்கம் வரைந்ததை அழித்துவிட்டு, மூக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.