பேராசிரியரின் பித்தளைப் பலகை

மனிதகுலம் பிரபஞ்சத்தின் பிறப்பைத் தன் கண்ணாலேயே பார்க்கப்போகும் திருநாள் இதுதான் என்று பேராசிரியர் அலிஸ்டர் பெங்கெல்லி பதினோரு தடவை அறிவித்துவிட்டார். பதினோரு தடவையும் ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் காற்று அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தரைக்காற்று கொஞ்சம் முறுக்கினாலும் தொலைநோக்கியைத் தூக்கிப்போகும் ராட்சத பலூனை ஏவ முடியாது. விடிவதற்குள் எல்லோரும் திடலில் கூடுவார்கள். ஏவுதல் பொறுப்பாளர் ட்ரெவ் வானத்தைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். கூட்டம் கலைந்துபோய் இறைச்சி அடைத்த ஆறிப்போன மீட் பை தின்னும். ரோவீனாவுக்கு இப்போது அதைக் கண்டாலே குமட்டியது.

பலூனில் தொங்கப்போகும் தொலைநோக்கிக்குள் இருந்த ஒளியுணர் கருவி அவளுடைய ஆறு வருட உழைப்பு. இந்த ஏவுதல் பருவத்துக்குள் அது ஒரு தடவையாவது மேலே போய் நட்சத்திரங்களை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் விண்வெளித் தொலைநோக்கியில் அதற்கு இடம். இல்லாவிட்டால் வேறொரு குழுவின் கருவி ஏறிவிடும். பருவம் முடிய நான்கே நாள்.

அந்தக் கருவிக்குப் பக்கத்தில் மின்னுகிற எதுவும் ஆகாது. நிலா வெளிச்சத்தில் ஒரு திருகாணி பளபளத்தாலும் போதும், நட்சத்திரமெல்லாம் அதில் மூழ்கிவிடும். ஆகவே ஒவ்வொரு திருகாணிக்கும் கறுப்பு நாடா ஒட்டி, கடைசியாக ஒருமுறை சரிபார்த்துப் படிவத்தில் கையெழுத்திடுவது அவள் வேலை. இந்த லட்சணத்தில்தான் பேராசிரியர் தன் பெயர் பொறித்த பித்தளைப் பலகையோடு வந்து நின்றார்.

"இது எதுக்கு, அலிஸ்டர்?" என்றாள் ரோவீனா.

"வரலாற்றுக்கு."

"வரலாறு எவ்வளவு எடை?" என்றார் ட்ரெவ்.

"ஒன்றரைக் கிலோதான்."

"அப்ப பலூன்ல எடைக்கு வெச்ச மணல்ல ஒன்றரைக் கிலோவை நான் இறக்கணும். உங்க பேரைக் கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கலாம், நண்பரே."

இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு சமாதானம் ஆனது. பலகை தொலைநோக்கியின் வாயருகே ஏறும். ஆனால் அதன்மேல் முழுக்கக் கறுப்பு நாடா.

பன்னிரண்டாவது தடவை கூடிய விடியலில் காற்று அடங்கியது. அன்றைக்கென்று பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்துவிட்டார். பேராசிரியர் ஏணியில் ஏறி நாடாவைச் சர்ரென்று உரித்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

"ஒரே ஒரு போட்டோ, ரோ. உடனே ஒட்டிடலாம். இதைக் கொஞ்சம் பிடி." நீட்டியதை வாங்கிக்கொண்டாள். "மனிதகுலம் இன்று..."

"மனிதகுலம் சீக்கிரம் இறங்கட்டும்!" ட்ரெவ் கத்தினார். "காத்து நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது!"

"நீயும் வா ரோ, சிரி. உன் மூஞ்சியைப் பார்த்தா எழவு வீடு மாதிரி இருக்கு," என்றார் பேராசிரியர்.

பல்லைக் கடித்தபடியே சிரித்தாள். பேச்சு ஆறு நிமிடம் நீண்டது. ட்ரெவ் மறுபடி கத்தியதும் எல்லோரும் ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் யாரோ நீட்டிய படிவத்தில் அவள் கையெழுத்தும் போட்டாள். பலூன் அழகாக எழும்பிப் போனது.

மறுநாள் மத்தியானம் பதிவுகளைத் திறந்தார்கள். வானம் நகர்ந்தது, நட்சத்திரங்கள் நகர்ந்தன. நடுவில் பிரமாதமான ஒரு வெளிச்சம் மட்டும் அசையாமல் நின்றது.

"புதுசா ஏதோ!" பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"புதுசு இல்ல. உங்க பேரு," என்றாள் ரோவீனா.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலையே அவள் விண்வெளித் தொலைநோக்கிக்குக் கருவி தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினாள். கருவியில் குறையில்லை, பாதுகாப்பு நாடாவை உரித்து, திரும்ப ஒட்டாமல் விட்ட பேராசிரியரின் விளம்பர ஆசையே காரணம், அடுத்த பருவத்தில் இன்னொரு வாய்ப்பு வேண்டும். ஆதாரமாகப் பத்திரிகையில் வந்த படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பேராசிரியர் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு நாடா அவள் வலது கையில் இருந்தது.