மேஸ்திரி வீட்டு வாசற்படி

"அந்தத் தீவு இப்ப இருக்கிறதைவிட அறுபது அடி உசரமா இருந்தது மச்சான். பூராவும் பறவை எச்சம். எங்க தாத்தா சுரண்டிச் சுரண்டித்தான் குள்ளமாப் போச்சு."

கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் முப்பது வருஷமாக அத்தான் அவிழ்த்துவிட்ட புளுகு இது. அக்கா புருஷனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சர்வேயருக்கு, வேலையோடு பொறுமையும் ஓய்வு பெற்றுவிட்டது.

"வாங்க, போய் அளந்துடுவோம். பொய்னா, இனிமே தாத்தா பேச்சையே எடுக்கக் கூடாது."

அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. தாத்தாவின் போட்டோகூட அவரிடம் கிடையாது. இந்தக் கதை ஒன்றுதான் மிச்சம். "சரி" என்றார்.

தீவுக்கு இன்னும் ஒரு மைல் இருக்கையிலேயே நாற்றம் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தம்ளரை மூன்று முறை கழுவிக் குடிக்கிற சர்வேயர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார், கைக்குட்டையும் நாறியது. இறங்கினால் கணுக்கால்வரை சதசதவென்று எச்சம். உட்கார இடமில்லாமல் பறவைகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக நின்றன. பஞ்சுப் பொதி மாதிரி ஒரு குஞ்சு அவரை நிமிர்ந்து பார்த்தது. அழகாயிருக்கிறதே என்று குனிந்தார். அரைப்படி மீனெண்ணெயை அவர் சட்டையில் கக்கியது.

"பயந்தா அதுக்கு வாந்திதான் ஆயுதம்" என்றார் அத்தான் ஆனந்தமாக. "தாத்தா பதினோரு வருஷம் இதுலதான் குளிச்சாரு. அள்ளினதெல்லாம் உரமாக் கப்பல்ல போச்சு. நீங்க சாப்பிட்ட சோத்துலகூட..."

"போதும் அத்தான்."

தீவின் நடுவே, கல்லாய் இறுகிய எச்சத்தில் ஒரு தூண் நின்றது. அதன் உச்சியில் ஒரு வீடு. வாசற்படி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி வீடு. காலி பண்ண மாட்டேன்னுட்டான். அதை விட்டுட்டு சுத்தியிருந்த தரையெல்லாம் சுரண்டிட்டாங்க. வருஷா வருஷம் அவன் ஏணிதான் நீண்டுச்சு."

சர்வேயர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். வாயைத் திறந்தால் என்ன விழுமோ என்ற பயம். ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலையும் தூணின் நிழலையும் அளந்தார். கால்மணி நேரம் குனிந்தே இருக்க வேண்டியிருந்தது. தலை, கழுத்து, காது என்று பறவைகள் ஓரிடம் பாக்கி வைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கணக்குப் போட்டார். மறுபடி அளந்தார்.

வீட்டில் அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "இதென்னடா கோலம்? அவர் சொன்னது புளுகுதானே?"

சர்வேயர் காதிலிருந்து எதையோ நோண்டி எடுத்துப் பார்த்து, முகம் சுளித்தார்.

"புளுகுதான்க்கா. அறுபது அடின்னாரு. நானே ரெண்டு தடவை அளந்தேன். அறுபத்திமூணு."