நான்காம் பத்தி

கட்டுரையின் இரண்டாவது வரியிலேயே எழுதியவர் யார் என்று நிங்ருமுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அவள் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். பின்னால் அவளை அரித்தது அதுதான்.

ஜாவாத் தீவின் புர்வகெர்த்தோ நகரில் ஒரு தனியார் ஆசிரியர் கல்லூரியில் அவள் இந்தோனேசிய மொழித் துறையின் தலைவி. அங்கே மரியாதையாக அழைக்க, அம்மா என்பதற்கு 'இபு', ஐயா என்பதற்கு 'பாக்'. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, துணை முதல்வர் ஹெர்யந்தோ நாளிதழைச் சுருட்டிப் பிடித்தபடி அவள் அறைக்கு வந்தார். கருத்துப் பக்கத்தில் யாரோ புனைபெயரில் எழுதியிருந்தார்கள். கல்லூரி மகளிர் விடுதிக் கிணற்றில் கழிவுநீர் கலக்கிறது, பதினேழு பெண்கள் டைபாய்டில் விழுந்துவிட்டார்கள், நிர்வாகம் மூடி மறைக்கிறது என்று.

"இபு, எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிடலாம்னு போன வருஷக் கருத்தரங்குல பேசினீங்களே? இது நம்ம ஆளா வெளியாளான்னு மட்டும் பாருங்க. பேரெல்லாம் வேணாம்."

"ஆளைச் சொல்ல முடியாது, பாக். எப்பிடிப்பட்ட ஆள்னு வேணா சொல்லலாம்."

"அது போதுமே! இந்த ஊர்ல உங்களை விட்டா வேற யாருக்கு அந்த வித்தை தெரியும்?"

அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்கு இனித்தது.

கட்டுரையை மேசையில் விரித்தாள். 'நாங்கள்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'நாம்' என்று இருந்தது. கல்லூரியில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான்: நூலகர் கர்சிடி. நூலகக் கதவில் அவர் ஒட்டும் அறிவிப்புகள் பிரசித்தம். 'நாம் எடுத்த புத்தகங்களை நாம் இன்னும் திருப்பித் தரவில்லை.' "எடுத்தது நாங்க, பாக். நீங்க ஏன் கூட்டுச் சேந்துக்கறீங்க?" என்று மாணவர்கள் அவரைச் சீண்டுவார்கள்.

பத்திரிகையை மடித்து வைத்திருக்கலாம். ஒன்றும் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பெயர் எழுதாவிட்டால் காட்டிக்கொடுத்ததாகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தாள். எடுத்த பிறகு வேலை தன்பாட்டில் ஓடியது. எண்ணை எழுத்தால் எழுதி அடைப்புக்குறிக்குள் இலக்கமும் தருகிறார். ஆண்டுக்கணக்கில் அலுவலகக் கடிதம் எழுதிய கை. 'மேற்படி' ஒன்பது முறை வருகிறது, ஐம்பதைத் தாண்டியவர். நடை முறையானது, குரல் உயர்வதில்லை. நான்காம் பத்தியில் மட்டும் பதினொரு பேச்சுவழக்குச் சொற்கள் புகுந்து நடை குலைகிறது. ஆத்திரத்தில் கட்டுப்பாட்டை இழக்கிறார். மாணவிகளோடு தினமும் பேசிப் பழகுகிறவர்.

இரண்டு பக்க அறிக்கையை ஹெர்யந்தோ நின்றபடியே படித்தார்.

"ஐம்பதைத் தாண்டினவர், கடிதம் எழுதற ஆள், பொண்ணுங்களோட தினம் பேசறவர்... நூலகத்தைத் தவிர வேற எங்க இருக்கார்?"

நிங்ரும் சன்னலைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கர்சிடியை வேலையை விட்டு அனுப்பினார்கள். இருபத்தாறு வருஷ வேலை. ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம்தான் இருந்தது.

ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார். அவர் மனைவி மாவில் தோய்த்துப் பொரித்த சூடான மெண்டோவானும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளியின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

"பாக், அந்த அறிக்கையை எழுதினது..."

"தெரியும், இபு. ரெண்டு பக்கத்தையும் எனக்குப் படிச்சே காட்டினாங்க. அந்த அடைப்புக்குறி விஷயம் சரிதான். எனக்கே அது தெரியாம இருந்துச்சு." லேசாகச் சிரித்தார். "ஒரு இடம்தான் தப்பு."

"எது?"

"நாலாவது பத்தி. எனக்கு ஆத்திரமெல்லாம் வரல. அது ரத்மி சொன்னது. சிலாசாப்பிலேந்து வந்து விடுதியில தங்கியிருந்த பொண்ணு. நூலக மேசையில தலையைச் சாச்சுக்கிட்டு, வயித்தை யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குன்னு அழுதா. அவ சொன்னதை அப்படியே எழுதினேன். பத்திரிகையில திருத்தலாமான்னு கேட்டாங்க. தொடாதீங்கன்னுட்டேன்."

"இப்ப எப்பிடி இருக்கா?"

"ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பொழைச்சுக்குவா. திரும்பப் படிக்க வருவாளான்னு தெரியல."

நிங்ரும் அந்தப் பத்தியை எட்டு முறை படித்திருந்தாள். சொற்களை எண்ணினாளே தவிர, அது யாருடைய வயிறு என்று ஒரு முறைகூட அவள் யோசிக்கவில்லை.

கர்சிடி குரலைத் தாழ்த்தினார். "எழுதினது நான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல இடமிருந்தது. "ரெண்டாவது வரியில."

"அப்ப மிச்சத்தை ஏன் எழுதினீங்க?"

"நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு, பாக்."

அவர் எழுந்து போய் மறுபடி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடத் தொடங்கினார். மெண்டோவான் ஆறியது.

அன்று பகல் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பத்திரிகைக்கே எழுதத் தொடங்கினாள். 'கட்டுரை ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. அறிக்கை அளிக்கப்பட்டது. ஊழியர் நீக்கப்பட்டார்.' படித்துப் பார்த்தாள். எல்லாம் நடந்திருந்தது, செய்தவர்தான் யாரும் இல்லை. மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பாள். அடித்துவிட்டு எழுதினாள்: 'நான் ஆய்ந்தேன். யார் என்று தெரிந்தும் நான் அளித்தேன். என் வாய் மூடியிருந்ததால் அவர் வேலை போனது. கிணற்றைப் பற்றி அவர் எழுதியது உண்மையா என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை.' அடியில் முழுப் பெயரும் பதவியும் போட்டாள்.

வியாழக்கிழமை வெளிவந்தது. மறுவாரம் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கிணற்று நீரை எடுத்துப்போனார்கள், கிணற்றை மூடினார்கள், விடுதிக்கு லாரியில் தண்ணீர் வந்தது. நிங்ருமின் தலைவி பதவி பறிபோனது. ஹெர்யந்தோ அவளைக் கண்டால் அடுத்த படிக்கட்டு வழியாகப் போனார். கர்சிடியை மட்டும் யாரும் திரும்ப அழைக்கவில்லை.

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நகல் கடையில் அவர் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார். இரண்டு மாதம் கழித்து நிங்ரும் அங்கே போனாள். "வாங்க, இபு" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவருக்கு முன்னால் ஒரு கிழவர் நிலத் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தார். கர்சிடி தட்டச்சை நிறுத்தி, "மெதுவாச் சொல்லுங்க, பாக். உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்று கிழவர் பக்கம் காதைச் சாய்த்தார். மனு நீளமாகப் போனது. இடையில் ஒரு முறைகூட அவர் இவள் பக்கம் திரும்பவில்லை. நிங்ரும் ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.