மாமா சேர்த்த மீன்

மாமா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அவர் வீட்டு மாடி அறையில் நான் தங்கியிருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கீழே போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறார். நான் அதற்கு முன்பு ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் ஓடாதவர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் போனைக் கீழே வைத்தேன். மறுபடி எடுக்கவில்லை. "கொஞ்ச நாள் இருந்துக்கவா மாமா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன மாப்ள" என்றார். வேலை போனாலும் பகலில் தூங்கும் பழக்கம் போகவில்லை. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று மாமா கேட்கவில்லை. அக்கா கேட்டாள், தினமும்.

அன்று மத்தியானம் அவள் என் போர்வையை உருவினாள்.

"கட்டிங் மெஷின் படுத்துடுச்சு. எழுந்திரு."

"நானும்தான் படுத்திருக்கேன்."

"பல் டாக்டர் போர்டு சாயங்காலம் போயாகணும். நாளைக்கு அவங்க ஆஸ்பத்திரி திறக்கிறாங்க. போகலைன்னா இந்த ரூமை வாடகைக்கு விட்டுடுவேன். ஆள் பாத்தாச்சு."

"மாமா என்ன சொன்னார்?"

"அந்த ஆள்கிட்டயும் அதுக்கென்னன்னு சொல்லியிருக்கார்."

எழுந்து முகம் கழுவினேன்.

கடையில் ஒரே கம்ப்யூட்டர்தான். அதற்கு இரண்டு திரை. ஒன்று மாமா பக்கம். அதில் எழுத்துகளை வரைந்து பொத்தானை அழுத்தினால், பக்கத்திலிருக்கும் மெஷின் ஸ்டிக்கர் தாளில் அந்த எழுத்துகளை வெட்டித் தரும். இன்னொரு திரை வாடிக்கையாளர் நாற்காலிகளைப் பார்த்து இருக்கும். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் இடமிருந்து வலமாகப் போய், திரும்பி வந்துகொண்டிருந்தது. பல் டாக்டர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் மீனோடு போய் மீனோடு வந்தது.

"இந்த மீன் வந்ததுலேர்ந்து எவனும் 'ஆச்சா ஆச்சா'ன்னு நச்சரிக்கிறதில்ல மாப்ள" என்று மாமா என் காதில் சொன்னார்.

"மெஷினுக்கு என்ன?"

அழுத்திக் காட்டினார். திரையில் பல் படமும் டாக்டர் பெயரும் ஒழுங்காக இருந்தன. வெட்டு என்ற பொத்தானைத் தொட்டதும் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. மெஷினின் கத்தி ஓர் அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது. பக்கத்துத் திரையில் மீன் மட்டும் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல."

பழைய வேலையில் போன் செய்த எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பிறகு பேச்சுவாக்கில், நேற்று பெட்டியைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்ததைச் சொல்வார்கள்.

மென்பொருளை எப்போதும்போலத் திறந்தால் அது வாயைத் திறக்காமல் சாகும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் திறந்தால் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாகும். அப்படித் திறந்தேன். வளைவுகளை வரைவதற்கு ஒரு சின்ன நிரல் உண்டு, கம்ப்யூட்டரிலிருக்கும் பல மென்பொருள்களுக்கும் பொதுவானது. அதன் பெயரைச் சொல்லிவிட்டுச் செத்தது. அந்த நிரல் எங்கிருந்து வந்தது என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன்.

மாமாவின் கம்ப்யூட்டருக்கு வேண்டிய நிரல்கள் எல்லாம், அதை உருவாக்கியவர்கள் நடத்தும் ஒரு கிடங்கிலிருந்து வரும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் அங்கே வைப்பார்கள். அது போதாது என்றால் வெளியாட்கள் நடத்தும் கிடங்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம். வம்பு அங்கேதான். இந்த நிரல் ஒரு வெளிக் கிடங்கிலிருந்து வந்திருந்தது. கிடங்கின் பெயரிலேயே மீன் இருந்தது.

மொத்தப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். மீன் கிடங்கு தவிர, எழுத்தை அழுத்தினால் டைப்ரைட்டர் சத்தம் கேட்பதற்கு ஒன்று. நிலா இன்றைக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்ட ஒன்று. மவுஸ் அம்புக்குப் பதிலாகச் செருப்பு வருவதற்கு ஒன்று.

"இதையெல்லாம் யார் சேர்த்தது?"

"கேட்டுச்சு மாப்ள."

"எது?"

"கம்ப்யூட்டர்தான். 'இவரை நம்புறீங்களா'ன்னு கேட்டுச்சு. முகத்துக்கு நேரா கேக்கும்போது எப்படி இல்லைன்னு சொல்றது? அந்த ஆள் எங்கேயோ உக்காந்து மெனக்கெட்டு மீன் செஞ்சிருக்கான். மனசு நோகாதா?"

"நீங்க யாருன்னே அவனுக்குத் தெரியாது மாமா."

"எனக்குத் தெரியுமே."

விளக்கினேன். மீனின் வால் அழகாக ஆட வேண்டும் என்பதற்காக மீன்காரன் அந்த வளைவு நிரலின் புதிய பதிப்பைத் தன் கிடங்கில் வைத்திருக்கிறான். பதிப்பு எண் பெரிதாக இருந்ததால் கம்ப்யூட்டர் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை உள்ளே விட்டுவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன், உள்ளே வேறொரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கட்டிங் மென்பொருள் அந்த அதிர்ச்சியில்தான் விழுகிறது.

மாமா யோசித்தார். "வாலை மட்டும் எடுத்துட்டா?"

"முடியாது."

"வால் இல்லாம மெதுவா நீந்தட்டுமே."

"மாமா."

மீன் கிடங்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வெட்டு பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் செத்தது. தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மறந்திருந்தேன். கிடங்கைப் பூட்டினால், ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட சரக்கு தானாக வெளியே போகாது. நாம்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும். பழைய பதிப்பையே திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கட்டளை தட்டினேன். அப்படியானால் மீன் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டது. மாமா பக்கம் பார்க்காமல் ஆமாம் என்று தட்டினேன்.

மீன் திரையின் நடுவில் வந்துகொண்டிருந்தது. அப்படியே காணாமல் போனது.

மாமா பக்கத் திரையில் ஒரு கேள்விப் பெட்டி முளைத்தது. மீன்காரன் கெட்டிக்காரன், இதற்கும் ஏதோ விட்டுவைத்திருந்தான். "உங்கள் மீனைக் காணவில்லை. கிடங்கைத் திரும்பச் சேர்க்கட்டுமா? எங்களை நம்புகிறீர்களா?"

மாமாவின் கை தானாக ஆமாம் பக்கம் போனது. மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இல்லைன்னு அழுத்துங்க. நீங்களே அழுத்துங்க. நான் அழுத்தினா, நான் மேல போனதும் நீங்க திரும்பச் சேத்துடுவீங்க."

"ரொம்பத் தன்மையாக் கேக்குது மாப்ள."

"அக்கா வாசல்ல நிக்கிறா."

மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இல்லை என்பதை அழுத்தினார். பெட்டி மறைந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். யாரும் அவரோடு சண்டைக்கு வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார்.

வெட்டு பொத்தானை அழுத்தினேன். கத்தி கரகரவென்று போக ஆரம்பித்தது. பல்லின் ஒரு வேர் வந்தது, இன்னொரு வேர் வந்தது.

மீன் போனதும் பல் டாக்டர் தூங்கி எழுந்தவர்போலச் சுற்றும்முற்றும் பார்த்தார். எழுந்து வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"இந்தப் பல்லுக்கு ரெண்டு கண்ணு வெச்சா நல்லா இருக்கும்ல? ஒரு சிரிப்பும் வெச்சு, கையில பிரஷ் குடுத்துடுங்க."

மாமா வாயைத் திறந்தார். 'அதுக்கென்ன' வரப்போகிறது என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றார் மாமா.

"ஓ. சரி" என்று டாக்டர் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாப்ள, சரின்னுட்டாங்க."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஏணி கேட்டு வந்தார். இல்லை என்றார். ஏணி அவர் முதுகுக்குப் பின்னாலேயே சாய்ந்திருந்தது. அறையை வாடகைக்குக் கேட்டிருந்த ஆள் போன் செய்தான். "ரூம் இல்லப்பா, ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் ஓங்கி வைத்தார். அக்கா அவரை இதற்குமுன் பார்த்திராத மாதிரி பார்த்தாள். என் வேலை முடிந்தது என்று நான் படி ஏறப் போனேன்.

"ஆச்சா?" என்றார் பல் டாக்டர்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஆச்சா?" இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லாததால் அவர்களும் ஆச்சா என்றார்கள். மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டதில் மாமா கத்தியின் வேகத்தைக் கூட்டிவிட்டார். ஒரு தாள் கிழிந்தது.

"இப்படியே போனா போர்டு போகாது. மீன் இல்லாம கடை நடக்காது" என்றாள் அக்கா. "ஏதாவது பண்ணு."

"மெஷின் இருக்கிற கம்ப்யூட்டர்ல மீன் கூடாது" என்றேன். "வேற கம்ப்யூட்டர்ல வெச்சுக்கலாம். வேலைக்கு ஆகாததா இருக்கணும். அது விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லைங்கிற மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு மேலே என் அறை. அறையில் என் லேப்டாப்.

அவளே ஏறிப் போய் எடுத்து வந்தாள். மூடிமேல் இருந்த தூசியை என் சட்டையில் துடைத்தாள். மாமா மீன் கிடங்கைச் சேர்த்தார். இவரை நம்புகிறீர்களா என்று கேட்டது.

"இதுல ஆமாம் சொல்லலாமா மாப்ள?"

"சொல்லுங்க."

மீன் வந்தது. இதில் வால் இன்னும் நன்றாகவே ஆடியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் அமைதியானார்கள். அவர்கள் கண்கள் வலது பக்கம் போயின, இடது பக்கம் வந்தன. பொழுது சாய்வதற்குள் போர்டு வண்டியில் ஏறியது. கண் இல்லாத, சிரிக்காத பல்.

அறை தப்பித்தது. அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போர்வையைக் கட்டில்மேல் விசிறி எறிந்தாள்.

கடை சாத்தும் நேரத்தில் கீழே போனேன். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் நாற்காலியில் மாமா மட்டும் உட்கார்ந்து மீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, லேப்டாப்பை மேல எடுத்துட்டுப் போகவா? காலைல கொண்டு வந்து வெச்சிடுறேன்."

மாமா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல மாப்ள" என்றார்.

பிறகு திரும்பி என் முகத்தையே ஆவலாகப் பார்த்தார், நான் சரி என்று சொல்வதற்காக.

சொன்னேன்.