ரஞ்சன் நிறுத்திய இடம்

தம்பி ரஞ்சனின் சவப்பெட்டி மூடியை இரண்டு பேர் தூக்கி வந்தபோது, ஆக்னஸ் ஸ்பீக்கரின் ஒயரைச் சுவரில் செருகிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. தம்பி பாட்டு ஒண்ணு போடணும்."

"கோயில்ல பாடுவாங்களே அண்ணி," என்றாள் ரஞ்சனின் மனைவி ஸ்டெல்லா, பெட்டியருகே உட்கார்ந்தபடி.

"அவங்க பாட்டைப் பாடுவாங்க. இவன் பாட்டை அங்க விடமாட்டாங்க."

"எழவு வீட்டுல கிதாரா?" என்றார் துரைராஜ் சித்தப்பா. "ஜனங்க என்ன பேசும்?"

"முப்பது வருஷமா பேசிட்டுத்தானே இருக்கு சித்தப்பா. இன்னிக்கு மட்டும் கேக்கட்டும்."

ரஞ்சன் பகலில் தார்நாகாவில் இருந்த ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்த்தான். மாலையில் கிதாரும் ப்ராக்ரெசிவ் ராக் இசையும். ஆரம்ப நாட்களில் ஒரே பாட்டுக்குள் நான்கு தாளம் மாறும். கல்லூரிக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அது கைக்குள் வந்ததும் கிதாரை ஓரம் வைத்துவிட்டு சிந்தசைசருக்குப் போனான். கேட்டவர்களில் பாதிப் பேர் விலகினார்கள். பிறகு அதையும் விட்டு மறுபடி கிதார். இந்த முறை சத்தமே குறைந்துபோய், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே காற்று வீசும் அளவுக்கு இடைவெளி. மிச்சப் பேரும் போனார்கள்.

ஆக்னஸ் போகவில்லை. புதிதாக எது முடிந்தாலும் முதல் போன் அவளுக்குத்தான்.

"எப்படிக்கா?"

"நடுவுல இழுக்குதுடா."

"இன்னொரு வாட்டி கேளு."

கேட்பாள். இழுத்த அந்த இடத்தைத்தான் பிறகு பாத்திரம் துலக்கும்போது முணுமுணுப்பாள். கைதட்டல் கிடைத்த இடத்தில் அவன் ஒருநாளும் குடியிருக்கவில்லை. அதில் அவளுக்கிருந்த கர்வத்தை அவனிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவானோ என்று பயம்.

அவன் போன மாதம் முடித்த பாட்டைப் போட்டாள். தாழ்ந்த ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. யாரோ இருமினார்கள். கிதார் மெல்ல ஏறி, சட்டென்று நின்றது.

"ஆமென்," என்றார் சித்தப்பா உரக்க.

"ஆமென்," என்றது கூடம் முழுவதும். மூடி பெட்டிக்கு மேலே வந்துவிட்டது.

"நக்கோ, வேணாம்!" ஆக்னஸ் குறுக்கே கையை நீட்டினாள். "இன்னும் முடியல. நிறுத்தியிருக்கான், அவ்வளவுதான்."

தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். இவ்வளவு நேரம் சத்தமில்லாம விட்டா யாருடா காத்திருப்பாங்க என்று அவளே அவனைக் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்தான். ஒரு நொடியைக்கூடக் குறைக்கவில்லை.

வாசலில் சவ வண்டியின் எஞ்சின் உறுமல் மட்டும் கூடத்தை நிறைத்தது.

ஸ்டெல்லா எழுந்தாள். ஸ்பீக்கரை அணைக்கத்தான் வருகிறாள் என்று ஆக்னஸ் நினைத்தாள். ஸ்டெல்லாவோ ஸ்பீக்கரைத் தாண்டி, வெயிலில் இறங்கி, கேட் வரை போனாள்.

"பையா, இன்ஜின் பந்த் கரோ," என்று வண்டி ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னாள்.

ஓட்டுநர் ஏதோ ஏசியைப் பற்றிச் சொன்னான்.

"பந்த் கரோ."

எஞ்சின் நின்றது. உள்ளே கிதாரின் தந்தி ஒன்று மறுபடி அதிர்ந்தது. கேட்டைப் பிடித்தபடி, வீட்டைப் பார்த்து, ஸ்டெல்லா அங்கேயே நின்றாள். பாட்டு தெருவரை கேட்டது.